தங்கப் பல்லிலிருந்து வெனியர் வரை

 

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தால் எங்கள் பக்கம் கலியாணக் காலம். போன மாதம் சோனக தெருவின் பழைய கடைகளைப் பற்றி நான் எழுதிய பதிவுக்குக் கீழே, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "சேர், எனக்கு முன்பல்லில் இடைவெளி இருக்கு. கலியாணத்துக்கு நாலு மாசம்தான். வெனியர் போடுறதா, கிளிப் போடுறதா, பிளீச்சிங் செய்தால் காணுமா?"

நான் பல் டொக்டர் இல்லை. வரலாறு படிப்பிக்கிற வாத்தியார். ஆனால் அந்தக் கேள்வியை இரண்டு மூன்று நாள் யோசித்துப் பார்த்தேன். அதில் பாதி வைத்தியம், பாதி வரலாறு. வைத்தியப் பாதியை டொக்டரிடம் கேளுங்கள். மற்றப் பாதியை எனக்குத் தெரிந்த அளவில் சொல்லுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் ஒன்று. அழகான பல் எது என்பதில் உலகம் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக மணமான பெண்கள் இரும்புக் கரைசலால் பல்லைக் கறுப்பாக்கினார்கள். கறுப்புப் பல்தான் அங்கே குடும்பப் பெண்ணின் அடையாளம். மேற்கு நாட்டவர் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று 1870இல் அரசாங்கமே மேட்டுக் குடிகளுக்கு அதைத் தடை செய்தது. பாலித் தீவில் வளர்ந்த பிள்ளைகளின் மேல்வரிசைப் பற்களை அரத்தால் மட்டமாக ராவுவது இன்றும் ஒரு சடங்கு. அரபு நாட்டில் முன்பற்களுக்கு இடையே சிறிய இடைவெளி இருப்பது இளமைக்கும் அழகுக்கும் அடையாளமாக இருந்தது. வயது போன பெண்கள் கூட, இளமையாகத் தெரிய வேண்டும் என்று பல்லை ராவி இடைவெளி உண்டாக்கினார்கள். அந்தத் தங்கச்சி காசு கொடுத்து மூடப் பார்க்கிற அதே இடைவெளியை! எங்கள் ஊரிலும் பல் இடைவெளி அதிர்ஷ்டம் என்று சொல்லுகிற கிழவிமார் இருந்தார்கள். இன்ஸ்டகிராம் வந்தபிறகு அவர்களை ஒருவரும் கேட்பதில்லை.

தமிழில் பல்லுக்கு உவமை என்றால் முல்லை அரும்பு, இல்லாவிட்டால் முத்து. மன்னார்க் கடலில் முத்துக் குளித்த சமூகம் எங்களுடையது. அதனால் முத்தின் நிறம் எங்கள் முன்னோருக்குத் தெரியும். 1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளப் பக்கத்தில்தான் சந்தித்தார். அரசன் தன்னிடமிருந்த முத்துக்களைக் காட்டிப் பெருமையாகக் கேட்டதை அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த முத்துக்களின் நிறம் கொப்பித் தாள் வெள்ளை இல்லை. முத்தில் பால்நிறமும் இளமஞ்சளும் கலந்து, உள்ளேயிருந்து ஒரு ஒளி வரும். நல்ல பல்லின் நிறமும் அதுதான். பல் டொக்டர்மார் நிறம் பார்க்க வைத்திருக்கும் அட்டவணையில் 16 நிறங்கள் உண்டு. பதினாறும் மனிதப் பல்லின் நிறங்கள். இன்றைக்குப் பலர் கேட்கும் வெள்ளை அந்தப் பதினாறுக்கும் வெளியே இருக்கிறது. அதற்கென்றே பிறகு தனியாக வெளுப்பு நிறங்களைச் செய்து சேர்த்தார்கள்.

பல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் மிளிரி என்று படித்தோமே, அந்த எனாமல், பாதி கண்ணாடி மாதிரி. அதற்குக் கீழே உள்ள பன்முதல் இயற்கையிலேயே மஞ்சள். எனாமல் தடிப்பாக இருந்தால் பல் வெள்ளையாகத் தெரியும். தேய்ந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே தெரியும். எனாமலை உண்டாக்கும் கலங்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே போய்விடுகின்றன. அதனால் போன எனாமல் போனதுதான். உமிக்கரியும் செங்கல் தூளும் போட்டு உரஞ்சிய எங்கள் பெரியவர்கள் பலருக்கு வயது போகப் போகப் பல் மஞ்சளானது இதனால்தான். கறை போகும், கூடவே பல்லும் போகும். இப்போது அதே கரியைக் கறுப்பு டியூப்பில் அடைத்து, இங்கிலீசில் பெயர் போட்டு, ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கிறார்கள். உமிக்கரிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கம் மிஸ்வாக். ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்குவதைக் கட்டாயமாக்கியிருப்பேன், சமுதாயத்துக்குப் பாரமாகிவிடும் என்றுதான் விட்டேன் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) சொன்ன ஹதீஸை மதரசாப் பிள்ளைகளும் சொல்லும். பலருக்குத் தெரியாதது, அந்த மிஸ்வாக் மரம் அரபு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்து மரமாக வருகிற உகாய் அதுதான். எங்கள் வடக்கின் வரண்ட கரையோரங்களிலும் அது வளர்கிறது, உவாய் என்பார்கள். மக்காவிலிருந்து ஹாஜிமார் பக்குவமாகச் சுற்றிக்கொண்டு வந்து தரும் குச்சியின் சொந்தக்காரன் மன்னார்ப் பற்றைக்குள் நிற்கிறான்! ஆலோ வேம்போ உவாயோ, எதுவும் பல்லின் நிறத்தை மாற்ற வந்ததில்லை. அழுக்கை எடுக்கவும் ஈறை இறுக்கவும் வந்தவை.

நிறத்தை மாற்றியது வெற்றிலை. இப்னு பதூதா வெற்றிலையைப் பற்றி ஆசையாக எழுதியிருக்கிறார்: வாய் மணக்கும், சாப்பாடு செமிக்கும், விருந்தாளிக்குப் பொன்னையும் வெள்ளியையும் கொடுப்பதைவிட அதைக் கொடுப்பது பெரிய மரியாதை என்று. எங்கள் வீடுகளில் வெற்றிலைத் தட்டம் இல்லாமல் சம்பந்தம் பேசியதுண்டா? யாழ்ப்பாணத்தில் அதோடு புகையிலையும் சேர்ந்தது. குடாநாட்டுச் செம்மண்ணில் விளைந்த புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூர் வரை போய் விற்ற சரக்கு. அந்தக் காசில் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. சிவந்த வாய் அப்போது வெட்கம் இல்லை. வீட்டில் தட்டம் நிறைய வெற்றிலை இருக்கிறது என்பதற்குச் சாட்சி. அது வெட்கமானது பள்ளிக்கூடமும் கந்தோரும் கமெராவும் வந்தபிறகு என்பது என் எண்ணம். அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்துகொண்டு, இங்கிலீஸ் வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, உடற்கூற்றுப் புத்தகங்களைத் தமிழாக்கிய காலத்திலிருந்து உடம்பைப் பார்க்கும் கண்ணே மெதுவாக மாறத் தொடங்கியது.

வெற்றிலைக் கறையை வெள்ளையாக்க டொக்டரிடம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இலங்கை ஆண்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை போடாவிட்டாலும் பாக்கு ஒன்றே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்தது. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ இருக்கிறதா, வாய் முன்புபோலத் திறக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். காகத்துக்கும் நரிக்கும் காட்டக் கூடிய இடம் இல்லை வாய், படித்த டொக்டருக்குத்தான் காட்ட வேண்டும். கறை பிறகு போகலாம்.

இனி ஸ்கேலிங். "சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்ற பேச்சு எங்கள் ஊரை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. ஸ்பெயினில், கொர்தோபாவுக்குப் பக்கத்தில் வாழ்ந்து 1013 அளவில் மறைந்த அல் ஸஹ்ராவி தன்னுடைய 30 பாகங்கள் கொண்ட வைத்திய நூலில் இதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே பதில் எழுதிவிட்டார். பல்லின் உட்புறமும் வெளிப்புறமும் ஈறுக்கு இடையிலும் கரடுமுரடான படிவு சேர்ந்து கறுக்கும், மஞ்சளாகும், பச்சையாகும், அது ஈறைக் கெடுக்கும், சுரண்டி எடுங்கள், ஒருநாளில் முடியாவிட்டால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் செய்யுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். சுரண்டும் கருவிகளைப் படமாகவும் வரைந்து வைத்தார். படிவு எலும்பை ஏற்கனவே அரித்திருந்தால், அதை எடுத்தபிறகு ஆட்டம் தெரியத்தான் செய்யும். ஆட வைத்தது படிவு, பழி டொக்டருக்கு. என்னைக் கேட்டால், சிரிப்பைத் திருத்த நினைக்கும் எவரும் மற்ற எதற்கும் காசு கட்டுமுன் இதைச் செய்துவிட்டு இரண்டு கிழமை கண்ணாடியைப் பார்க்கட்டும். பலருக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடும். அரசாங்க ஆசுப்பத்திரியில் வரிசையில் நின்றால் காசும் இல்லை.

அதே ஸஹ்ராவி, ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு தங்கக் கம்பியால் கட்டுவதையும், விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் பல் செதுக்கிக் கட்டுவதையும் விவரிக்கிறார். நாங்கள் இன்றும் "பல்லுக் கட்டினவர்" என்றுதானே சொல்லுகிறோம். வெள்ளிக் கம்பி கறுக்கும், தங்கம் மாறாது என்பதால் தங்கம்.

ஆண்களுக்குத் தங்கம் கூடாதே என்று கேட்பீர்கள். அர்ஃபஜா என்ற தோழர் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் மூக்குச் செய்து போட்டார், நாற்றம் எடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளச் சொன்னார்கள் நபியவர்கள். அந்தச் சம்பவத்தை வைத்துத்தான் தங்கப் பல்லுக்கும் உலமாக்கள் இடம் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், அழகுக்காகப் பல்லை ராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களைக் கண்டித்த ஹதீஸ் இருக்கிறது. ஒரே மார்க்கத்தில் ஒன்று இழந்ததைத் திருப்பி வைப்பது, மற்றது இருப்பதை ராவிக் குறைப்பது. கோணல் பல்லை நேராக்குவது எந்தப் பக்கம் வரும், வெனியர் எந்தப் பக்கம் வரும் என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள், நான் பத்வா கொடுக்கிற ஆள் இல்லை. ஆனால் "நல்ல பல்லை ராவுகிறார்களா?" என்ற அந்தப் பழைய கேள்வி பல் கிளினிக் கதிரையில் படுத்திருக்கும்போது கேட்க மிக நல்ல கேள்வி. கீழே வரும் கதை முழுக்க அதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் தங்கப் பல் கீழைத் தேயமெங்கும் நாகரிகமானது. மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துத் திரும்பிய பென்சனியர்மார் சிலர், பெட்டகத்தோடு தங்கப் பல்லையும் கொண்டு வந்தார்கள் என்பது அயல் கிராமங்களில் இன்றும் சொல்லுகிற கதை. இலங்கையின் நகரங்களில் சீனப் பல் வைத்தியர்மார் கடை திறந்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பல் கட்டுகிற குடும்பங்கள். தங்க உறை போடப் பல்லைக் கொஞ்சமாவது ராவ வேண்டும், சில வேளை நல்ல பல்லையும் ராவினார்கள். சிரித்தால் மின்ன வேண்டும் என்பதுதான் காரணம்.

சினிமா வந்து தங்கத்தை வெள்ளை ஆக்கியது. 1928இல் ஹொலிவூட்டில் சார்ள்ஸ் பிங்கஸ் என்ற பல் டொக்டர், நடிகர்மாரின் பல்லுக்கு மேல் மெல்லிய ஓடுகளை ஒட்டினார். படப்பிடிப்புக்கு மட்டும். பொய்ப்பல் ஒட்டும் தூளால் ஒட்டியதால் சாப்பாட்டு நேரத்தில் கழற்றி வைத்துவிடுவார்கள். உலகத்தின் முதல் வெனியர் ஒரு வேஷம், அவ்வளவுதான். அதை நிரந்தரமாக்கியது இன்னொரு கண்டுபிடிப்பு. உலோகத்தில் பெயின்ற் பிடிக்க பொஸ்போரிக் அமிலம் பூசுகிறார்களே, அதையே பல்லில் பூசினால் என்ன என்று மைக்கல் புவனகோர் என்பவர் யோசித்து 1955இல் எழுதினார். அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத கரடு உண்டாக்கும், பிசின் அதில் போய்ப் பிடிக்கும். இன்று கொம்பொசிட் என்று சொல்லுகிற வெள்ளை நிரப்பல், அழகுக்கு ஒட்டும் பொண்டிங், கிளிப்பை ஒட்டுவது, எல்லாம் அந்த ஒரு யோசனையின் பிள்ளைகள். 1980களின் தொடக்கத்தில் போர்சலின் ஓடுகளையும் அப்படி ஒட்ட முடிந்தது. வெனியர் அப்போதுதான் நிரந்தரமானது, கூடவே பல்லின் முன்பக்கத்தை ராவுவதும்.

எவ்வளவு ராவுகிறார்கள்? 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பல்லின் வெளித்தெரியும் பகுதியை நிறுத்துப் பார்த்தார்கள். வெனியருக்கும் அதுபோன்ற மெல்லிய வேலைகளுக்கும் போவது 3 முதல் 30 சதவீதம். முழு உறைக்கு, அதாவது கிறவுனுக்கு, போவது 63 முதல் 72 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் வேர் உள்ள, லண்டனில் வளர்ந்த ஒரு தம்பி கலியாணத்துக்கு முன் மூன்றாவது நாடு ஒன்றுக்குப் போய், ஐந்து நாளில், இருபது "வெனியர்" போட்டுக்கொண்டு வந்தார். லண்டனில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்தால் இருபதும் கிறவுன். நோய் இல்லாத இருபது பல்லை ஆணி மாதிரிச் செதுக்கியிருந்தார்கள். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. கிறவுனுக்கு ஆயுள் உண்டு, பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டி வரலாம். மாற்றும் ஒவ்வொரு முறையும் உள்ளே மிச்சம் இருக்கும் பல் சிறுக்கும், சிலதில் நரம்பு சாகும், வேர்ச் சிகிச்சை வரும். ஐம்பது வயதில் அவர் வாயில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. உடைந்த பல்லுக்கும் வேர்ச் சிகிச்சை செய்த பல்லுக்கும் கிறவுன் ஒரு வரம். நல்ல பல்லுக்குப் போட்டால், வெள்ளை நிறத்துக்காகக் காணியை விற்ற மாதிரி.

பிளீச்சிங் அப்படி இல்லை. 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், இரவில் பல்லுக்கு அச்சில் ஒரு உறை போட்டு 10 சதவீத காபமைட் பெரொக்சைட் வைத்து வெளுப்பாக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் டொக்டர்மார் கொடுப்பது பெரும்பாலும் அதன் வழி வந்ததுதான். பல்லை ராவுவதில்லை. சில நாள் கூச்சம் வரும், போகும். நிறம் காலப்போக்கில் திரும்பி வரும், தேத்தண்ணியும் சிகரெட்டும் இருந்தால் கெதியாக வரும். ஆனால் அது இயற்கைப் பல்லை மட்டும்தான் வெளுக்கும். முன்பல்லில் பழைய நிரப்பலோ கிறவுனோ இருந்தால் அது பழைய நிறத்திலேயே நிற்கும், பக்கத்துப் பல் வெளுத்தபின் இன்னும் எடுப்பாகத் தெரியும். அநுராதபுரம், வவுனியாப் பக்கத்துக் கிணறுகளில் உள்ள புளோரைட்டால் வந்த பழுப்புத் தழும்புக்கு வெறும் பிளீச்சிங் போதாது, அதற்கு வேறு முறைகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் போட்ட சட்டப்படி 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்ள வெளுப்பு மருந்தைப் பல் டொக்டர் மூலம்தான் பெறலாம், 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுக்கவே கூடாது, 6 சதவீதத்துக்கு மேல் விற்கவே கூடாது. ஒன்லைனில் வரும் பெயர் தெரியாத போத்தலை முகத்துக்கு நேரே உடைக்கும் முன் இதை நினையுங்கள். பியூட்டி பார்லரில் செய்தாலும் இதே கதைதான்.

கிளிப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு சொல். அமெரிக்காவின் எட்வேர்ட் ஏஞ்சல் 1899இல் கோணல் பல்லை வகுத்து எழுதிய காலத்திலிருந்து இந்தத் துறை பல்லை ராவாமல் நகர்த்துவதையே செய்கிறது. அதனால் காலம் எடுக்கும், ஒன்றரை வருடம், இரண்டு வருடம். 1997இல் அமெரிக்காவில் ஸியா சிஷ்தி என்ற பாகிஸ்தான் வம்சாவளி இளைஞரும் கெல்சி வேர்த் என்ற தோழியும் தொடங்கிய கம்பனிதான் கம்பியில்லாத, கண்ணுக்குத் தெரியாத அலைனரைப் பரப்பியது. எதைப் போட்டாலும் பிறகு ரிற்றெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கு நடக்கும். இங்கே பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடப் பல் கிளினிக்குகள் இலங்கையில் 1950களில் நியூசிலாந்து முறையைப் பார்த்துத் தொடங்கியவை, காசில்லாமல் பிள்ளையின் பல்லைப் பார்ப்பார்கள். பத்து, பதினொரு வயதில் அங்கே காட்டினால், இருபத்திரண்டு வயதில் நாலு மாதத்துக்குள் என்ன செய்யலாம் என்று ஓடித் திரிய வேண்டியதில்லை.

அந்தத் தங்கச்சிக்கு வருகிறேன். நாலு மாதத்தில் கிளிப் முடியுமா என்பது பல்லைப் பார்த்துத்தான் சொல்லலாம். சிறிய இடைவெளி, நல்ல பல் என்றால் கொம்பொசிட் பொண்டிங்கைப் பற்றிக் கேளுங்கள் மகள். பெரும்பாலும் பல்லை ராவாமலே, ஒரே நாளில் ஒட்டலாம். சில வருடத்தில் நிறம் மாறும், மூலை உடையும். ஆனால் உங்கள் பல் உள்ளே அப்படியே இருக்கும். பிறகு வசதி வந்தபின் கிளிப் போட நினைத்தால் அதை எடுத்துவிட்டுப் போடலாம். ஒட்டுவதற்கு முன் பல்லில் தற்காலிகமாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள், கண்ணாடியில் பார்த்துவிட்டு "வேண்டாம், என் பல்லே வடிவு" என்று எழும்பி வந்தாலும் ஒன்றும் குறையாது. இடைவெளி மேல் உதட்டின் உட்தசை இறங்கியதால் வந்ததா, ஈறு நோயால் புதிதாக விரிந்ததா என்றும் பார்க்க வேண்டும். புதிதாக விரிந்தது என்றால் அது அழகுப் பிரச்சினையே இல்லை. டொக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று பாருங்கள், வாசலில் வெள்ளைக் கோட்டுப் படம் ஒட்டியவர் எல்லாம் டொக்டர் இல்லை. "எத்தனை பல்லை ராவுவீர்கள், எவ்வளவு, பத்து வருடத்தில் என்ன ஆகும்?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். முகம் கோணினால் வேறு கதவைத் தட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கப் பல்லைப் பற்றி எழுதும்போது உம்மம்மா நினைவு வந்தது. அவவுக்கு மேல்வரிசையில் ஒரு தங்கப் பல் இருந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய நாளில் காப்பும் தோடும் போனது, பல் மட்டும் மிஞ்சியது என்று புத்தளத்தில் முகாமில் இருந்தபோது சிரித்துச் சொல்லுவா. அவவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை, அல்பம் எல்லாம் வீட்டோடு நின்றுவிட்டது. கறுப்பு வெள்ளைப் படங்களில் தங்கப் பல் கறுப்பாக, பல்லில்லாத இடம் மாதிரித் தெரியும். உங்களிடம் தப்பிய பழைய கலியாணப் படங்கள் இருந்தால் பெரிதாக்கி ஒருமுறை பாருங்கள். சோனக தெருக் கலியாணங்களில் அவ பெரும்பாலும் பெண்கள் பக்கம், தட்டத்துக்குக் கிட்ட இருப்பா. கண்டால் இன்பொக்ஸில் அனுப்புங்கள்.